ட்ராக்கு மேல பழி போடாதீங்க: ஓப்பன்டிடிடி கேள்வி-பதில்

இந்த மாசம் வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், ஓப்பன்டிடிடில ரயில் ஏன் சொன்ன வேகத்துல போக மாட்டேங்குது, எந்த ட்ராக் போட்டா எவ்வளவு ஸ்பீடு கிடைக்கும். அதனால மத்த கேம் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. புதுசா படிக்கிறவங்களுக்கு: 1994-ல கிறிஸ் சாயர் பண்ணின, ரயில் பஸ் எல்லாம் ஓட்டி கம்பெனி நடத்துற கேம் டிரான்ஸ்போர்ட் டைக்கூன், மறு வருஷம் வந்த அதோட டீலக்ஸ் எடிஷன், அந்த டீலக்ஸை அடிப்படையா வச்சு 2004-ல இருந்து ஆர்வலர்கள் கட்டி வளர்த்துட்டு வர்ற இலவச கேம்தான் இந்த ஓப்பன்டிடிடி.

கேள்வி: அண்ணே, எஸ்எச் 125 டீசல் இன்ஜின் வாங்கினேன், லிஸ்ட்ல 200 கி.மீ. கிட்ட காட்டுது. ஆனா ஸ்டேஷனுக்கு முன்னாடி இருக்கிற வளைவுல வந்தா டக்குனு 88-க்கு இறங்கிடுது, எத்தனை தடவை பார்த்தாலும் அதே 88. எலக்ட்ரிக் ட்ராக்கா மாத்தினா சரியாகுமா? காசு நிறைய ஆகுது, அதான் கேட்டுட்டு பண்ணலாம்னு. (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: மாத்தாதீங்க தம்பி, காசு வீண். சாதா ட்ராக்கும் எலக்ட்ரிக் ட்ராக்கும் வேகத்துல ஒண்ணுதான், மேல கம்பி இருக்கா இல்லையாங்கிறது மட்டும்தான் வித்தியாசம், உங்களுது டீசல் வேற. இந்த கேம்ல வரும்போதே கூட வர்ற ட்ராக் எதுக்குமே தனியா ஒரு ஸ்பீடு லிமிட் கிடையாது, இது நிறைய பேருக்கு நம்பவே முடியாது ஆனா அதான் உண்மை. நேரா போட்ட சாதா ட்ராக்ல இன்ஜினால எவ்வளவு முடியுமோ அவ்வளவும் போகும். பிரேக் போட வைக்கிறது வளைவு.

அந்த 88 எங்க இருந்து வருதுன்னு பார்ப்போம். ட்ராக் ஒரு இடத்துல 45 டிகிரி திரும்புது, கொஞ்சம் தள்ளி அதே பக்கமா இன்னொரு 45 திரும்புது, இந்த ரெண்டு திருப்பத்துக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குங்கிறதை வச்சுதான் கேம் கணக்கு போடுது. அந்த இடத்தை அளக்கிறது ரயில் பெட்டி கணக்குல. டைல்னா மேப்புல ஒரு கட்டம். அரை டைல் நீளமுள்ள சாதா பெட்டி நேர் டைல் ஒண்ணுல ரெண்டு நிக்கும், கட்டத்துக்கு குறுக்கா சாய்வா போற துண்டு (மேடு இல்ல) ஒண்ணுல ஒண்ணு நிக்கும். நடுவுல ஒரே ஒரு சாய்வுத் துண்டு இருந்தா 88 கி.மீ., ரெண்டு இருந்தா 111, மூணு இருந்தா 132, நாலு 151, அஞ்சு 168, ஆறு 183. இப்படியே ஏறி பன்னெண்டுல 231-ல நின்னுடும், அதுக்கு மேல எத்தனை துண்டு சேர்த்தாலும் 231தான். நீங்க ஒரே துண்டு விட்டு வளைச்சிருக்கீங்க, வேற ஒண்ணும் இல்ல. ஒரேயடியா 90 டிகிரி மடக்கி போட்டிருந்தா இன்னும் மோசம், 61. அந்த 90 டிகிரி திருப்பத்தையே தடை பண்ண செட்டிங்ஸ்ல ஒரு வழி இருக்கு, நான்னா கேம் ஆரம்பிச்ச உடனே அதை ஆன் பண்ணிடுவேன், இல்லேன்னா ஜங்ஷன்ல எங்கயாவது ஒண்ணு தெரியாம விழுந்துடும் அப்புறம் தேடிட்டே இருக்கணும்.

இன்னொரு விஷயம், இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. இந்த லிமிட் ரயில் அந்த ரெண்டு திருப்பத்துலயும் ஒரே நேரத்துல நிக்கும்போது மட்டும்தான். முன்னாடி இன்ஜின் ரெண்டாவது திருப்பத்துக்கு போறதுக்குள்ள கடைசி பெட்டி முதல் திருப்பத்தை தாண்டிடுச்சுன்னா லிமிட்டே கிடையாது. அதாவது மூணு டைல் ரயில்னா ஆறு பெட்டி, நடுவுல ஆறு சாய்வுத் துண்டு விட்டா போதும், முழு வேகத்துல போயிடும். அதே வளைவுல அஞ்சு டைல் ரயிலை விட்டா 183-க்கு இறங்கிடும். நேத்து வரைக்கும் நல்லா போச்சு இப்ப பெட்டி சேர்த்த உடனே மெதுவாயிடுச்சுன்னு எழுதுறவங்க இதைத்தான் பார்க்கணும், இன்ஜினுக்கு பவர் பத்தலன்னு நினைச்சு ரெண்டாவது இன்ஜின் மாட்டுறாங்க, அந்த இன்ஜினும் நீளத்தை இன்னும் கூட்டுது!

உங்களுக்கு என்ன பண்ணலாம்னா, அந்த வளைவை இடிச்சுட்டு கொஞ்சம் முன்னாடியே திருப்ப ஆரம்பிங்க. நிலம் இருக்கிற இடத்துல இதுக்கு ஆகுற செலவு எலக்ட்ரிக் மாத்துறதுல கால்வாசி கூட வராது. ஸ்டேஷனை ஒட்டி நாலு வீடு இருந்து இடமே இல்லேன்னா விட்டுடுங்க, எப்படியும் ஸ்டேஷன்ல நிக்கத்தானே போகுது, அந்த இடத்துல 88 இருந்தா என்ன குறைஞ்சிடப் போகுது. மெயின் லைன் நடுவுல இருக்கிற வளைவைத்தான் முதல்ல சரி பண்ணணும்.

இதெல்லாம் செட்டிங்ஸ்ல ரயில் ஆக்ஸிலரேஷன் மாடல் ரியலிஸ்டிக்ல இருந்தா. ஒரிஜினல்ல இருந்தா இந்த அட்டவணையே வேலை செய்யாது, அங்க ஒவ்வொரு திருப்பத்துலயும் இருக்கிற வேகத்துல ஒரு பங்கை வெட்டிடும், அதனால நீட்டி வளைச்சாலும் பெரிசா பலன் இல்ல. எது ஆன்ல இருக்குன்னு முதல்ல பார்த்துடுங்க.

கேள்வி: இடது பக்கம் ஒரு வளைவு உடனே வலது பக்கம் ஒரு வளைவு, எஸ் மாதிரி. இதுக்கும் 88 தானா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: இல்லம்மா. ஒரு இடது ஒரு வலதுன்னா கேம் கண்டுக்கவே கண்டுக்காது, லிமிட் சுத்தமா கிடையாது. பக்கத்து லைனுக்கு மாறுறதுக்கு தாராளமா போடுங்க. ஆனா ரயில் ரொம்ப நீளமா இருந்து ஒரே நேரத்துல மூணாவது திருப்பமும் அதுக்கு அடியில வந்துட்டா மறுபடி கணக்கு ஆரம்பிச்சிடும், அதனால ரெண்டு எஸ்ஸை ஒட்டி ஒட்டி போடாதீங்க.

கேள்வி: சார், எல்லாத்தையும் மேக்லெவா மாத்திட்டேன். 643 போகும்னு போட்டிருக்கு, 400 தாண்டவே இல்ல. கேம்ல பக் இருக்கா? ஒரு வருஷ லாபத்தை இதுல கொட்டியிருக்கேன். (சேலம் வாசகர்)

பதில்: பக் இல்ல சார். ஒத்தைத் தண்டவாள மோனோரயிலும் காந்தத்துல மிதந்து போற மேக்லெவும் வளைவுல சாதா ட்ராக்கை விட நல்லா போகும், அதுதான் இந்த ட்ராக் வகைகளுக்கு நடுவுல இருக்கிற நிஜமான வித்தியாசம். மேல சொன்ன நம்பர் ஒவ்வொண்ணையும் மோனோவுக்கு ஒண்ணரை மடங்கு, மேக்லெவுக்கு ரெண்டு மடங்குன்னு வச்சுக்கங்க. 88 இருந்த இடத்துல மோனோ 132, மேக்லெவ் 176. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கணக்கை முழுசா போட்டு பாருங்க, சாதா ட்ராக்கோட உச்சம் 231, அதோட ரெண்டு மடங்குன்னா 460 சொச்சம். உங்க ரயில் 643. அதாவது ஒரே பக்கம் திரும்புற ரெண்டு வளைவுல ரயில் மாட்டுச்சுன்னா நீங்க எவ்வளவு நீட்டி வளைச்சாலும் 643 வராது, ரயிலை விட வளைவோட இடைவெளி பெரிசா இருந்தாதான் வரும். நீங்க பழைய லைனை கன்வெர்ட் பட்டன் வச்சு அப்படியே மாத்தியிருப்பீங்கன்னு நினைக்கிறேன், பழைய ரயிலுக்கு போட்ட இறுக்கமான வளைவெல்லாம் அப்படியே இருக்கும். நாலஞ்சு துண்டு விட்ட வளைவா இருந்தா 300-ல இருந்து 340-குள்ளதான் வரும், கணக்கு சரியா பொருந்துது பாருங்க.

மேக்லெவ் போடணும்னா பழைய வழித்தடத்தை விட்டுட்டு பக்கத்துல புதுசா நேரா ஒரு லைன் போடுறதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்லுவேன். ஊரு ஊரா நின்னு போற லைனுக்கு மேக்லெவே வேண்டாம், நிஜமா சொல்றேன், வேகம் எடுக்கிறதுக்குள்ள அடுத்த ஸ்டேஷன் வந்துடும்.

நிஜ உலகத்துல ஷாங்காய் ஏர்போர்ட் மேக்லெவ் 2004-ல ஓட ஆரம்பிச்சப்ப உச்ச வேகம் 431. ஜப்பான்காரங்களோட எல்0 ரயில் 2015 ஏப்ரல்ல சோதனை ஓட்டத்துல 603 தொட்டுச்சு. தொண்ணூறுகள்ல ஒருத்தர் கேமுக்காக எழுதின 643-ஐ இந்த ரெண்டுமே எட்டலங்கிறதை நினைச்சா எனக்கு கொஞ்சம் சிரிப்பாதான் இருக்கு.

கேள்வி: பாலத்துல எந்த பாலம் வாங்கணும்? விலை கம்மியா இருக்கேன்னு மரப்பாலம் போட்டேன். (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மரப்பாலம்னா 50 கி.மீ. சுத்திதான், பழைய நீராவி ரயில் காலத்துக்கு போதும், அதுக்கப்புறம் தொண்டையில மாட்டின முள்ளுதான் அது. பாலம் போடும்போது வர்ற லிஸ்ட்லயே வேகம், விலை ரெண்டும் காட்டும், வேகத்தை வச்சு வரிசைப்படுத்தவும் முடியும். இடிக்க வேண்டியதில்ல, பழைய பாலத்து மேலயே புதுசை இழுத்து விட்டா மாறிடும். பிற்காலத்துல வர்ற ட்யூபுலர் சிலிக்கான் பாலம்தான் உச்சம், மேக்லெவுக்கு அதைத் தவிர வேற போடாதீங்க. ஒரு லைன்ல இருபது பாலம் இருந்து அதுல ஒண்ணே ஒண்ணு மரத்துல இருந்தாலும் பின்னாடி வர்ற ரயில் எல்லாம் அங்கதான் வரிசையில நிக்கும்.

கேள்வி: நிலக்கரி ரயில் மேட்டுல ஏறும்போது நடந்து போற மாதிரி போகுது. ட்ராக் வகை மாத்தினா ஏறுமா? (மேட்டுப்பாளையம் வாசகர்)

பதில்: ட்ராக் வகைக்கும் மேட்டுக்கும் சம்பந்தம் இல்ல. செட்டிங்ஸ்ல ரயில் சரிவுன்னு ஒண்ணு இருக்கும், எதுவும் மாத்தாம விட்டா 3 சதவீதம். அப்புறம் சரக்கோட எடையை மடங்காக்குற செட்டிங் ஒண்ணு இருக்கு, அதை யாராவது ஏத்தி வச்சிருந்தா லோடு ரயில் திணறும், காலி ரயில் பறக்கும். உங்களுது லோடு ஏத்தின அப்புறம் மட்டும்தான் திணறுதுன்னா அதை பாருங்க. ஒரு ரயில் முழுசும் ஒரே நேரத்துல ரெண்டு மூணு மேட்டுல நிக்காத மாதிரி மேட்டுக்கு மேட்டு இடைவெளி விட்டு போட்டாலே பாதி பிரச்சனை போயிடும். நீங்க மேட்டுப்பாளையம்னு எழுதியிருக்கிறதால ஒண்ணு சொல்றேன், உங்க ஊரு மலை ரயில் பல்சக்கர பாதையில பன்னெண்டு அடிக்கு ஒரு அடி ஏறுது, கிட்டத்தட்ட 8.3 சதவீதம். அந்த செட்டிங்கை 8-ல வச்சு நிலக்கரி ரயிலை விட்டு பாருங்க, கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் ஏன் பல்சக்கரம் வேணும்னு விளக்கவே வேண்டாம்.

கேள்வி: எனக்கு ட்ராக்குக்கு ட்ராக் வேற வேற லிமிட் வேணும். கிளை லைன்ல 80, மெயின் லைன்ல 160, அப்படி ரியலா. முடியுமா? (சென்னை வாசகர்)

பதில்: முடியும், நியூஜிஆர்எஃப்னு சொல்ற ஆட்-ஆன் மூலமா. நியூட்ராக்ஸ்னு ஒண்ணு ரொம்ப பிரபலம், அதுல வேகத்துக்கு ஏத்த மாதிரி பல தரத்துல ட்ராக் வரும், மெதுவான ட்ராக் விலை கம்மி, வேகமான ட்ராக் விலையும் பராமரிப்பும் ஜாஸ்தி. ஆட்-ஆனை புது கேம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சேர்த்துடுங்க, ஓடிட்டிருக்கிற கேம்ல நடுவுல சேர்த்தா கேம் குழம்பிடும். அப்புறம் ட்ராக் பட்டனை அழுத்திப் பிடிச்சா வர்ற லிஸ்ட்ல பேருக்கு பக்கத்துலயே எத்தனை கி.மீ.ன்னு வரும், ஏற்கனவே போட்ட ட்ராக்கோட லிமிட் தெரியணும்னா கேள்விக்குறி பட்டனை எடுத்து அந்த டைல்ல தட்டுங்க. இந்த ஆட்-ஆன் போட்ட உடனே கேமே வேற மாதிரி ஆயிடும், எல்லா இடத்துலயும் ஒசத்தி ட்ராக் போட காசு இருக்காது, எந்த லைனுக்கு வேகம் தேவைன்னு யோசிக்க வைக்கும். எனக்கு சாதா கேமை விட இப்படி ஆடுறதுதான் பிடிக்கும்.

ரயில் பெட்டிக்கும் இதே கதைதான். கேமோட வர்ற சாதா பெட்டிகளுக்கு லிமிட் இல்ல, ஆட்-ஆன்ல வர்ற பெட்டிகளுக்கு பெரும்பாலும் உண்டு, ஒரே ஒரு பழைய பெட்டி பின்னாடி மாட்டியிருந்தாலும் ரயில் மொத்தமும் அதோட வேகத்துலதான் போகும். ரெண்டு இன்ஜின் மாட்டினாலும் அப்படித்தான், மெதுவானது எதுவோ அதோட வேகம். கிர்பி பால் டேங்க் 64 கி.மீ., அதை எஸ்எச் 125 கூட சேர்த்தா ரெண்டும் சேர்ந்து 64-லதான் போகும்.

ஆட்-ஆன் எல்லாம் வேண்டாம், கேமே அப்படி இருக்கணும்னா சிமுட்ரான்ஸ் ஆடி பாருங்க. அதுல ஆரம்பத்துல இருந்தே ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஒரு உச்ச வேகம் உண்டு, நம்பர் மட்டும் நீங்க போடுற பாக்செட்டை (ரயில், ட்ராக் எல்லாம் அடங்கின தொகுப்பு) பொறுத்து மாறும். காசு கொடுத்து வாங்குறதுன்னா 2019 கடைசியில வந்த டிரான்ஸ்போர்ட் ஃபீவர் 2, அதுல ரெண்டே வகை, சாதா ட்ராக் 120, ஹை ஸ்பீடு ட்ராக் 300. வளைவோட ஆரத்தை பொறுத்து அதுக்கு கீழயும் குறையும், கட்டும்போதே அந்த இடத்துல எவ்வளவு கிடைக்கும்னு காட்டும், ஓப்பன்டிடிடில துண்டு எண்ணிட்டு உக்காந்திருக்கிற வேலை இல்ல.

கேள்வி: ஐயா, நிஜ ரயில்வேயிலயும் இப்படித்தானா, இல்ல கேம்காரங்க கற்பனையா? என் பையன் கேக்கிறான், பதில் சொல்ல தெரியல. (ஜோலார்பேட்டை வாசகர்)

பதில்: பையன் நல்ல கேள்வி கேட்டிருக்கான். நிஜத்துல ட்ராக்குக்கும் லிமிட் உண்டு, தண்டவாளம் எவ்வளவு கனம், ஸ்லீப்பர் கட்டை எது, அடியில ஜல்லி எவ்வளவு, சிக்னல் எப்படின்னு எல்லாம் சேர்த்து பார்த்துதான் ஒரு செக்ஷனுக்கு வேகம் குடுப்பாங்க. அதுக்கு மேல வளைவுக்குன்னு தனி கணக்கு. நம்ம பிராட்கேஜ்ல ஒரு சூத்திரம் இருக்கு, வளைவோட ஆரத்தை மீட்டர்ல எடுத்துக்கணும், வெளிப்பக்க தண்டவாளத்தை எத்தனை மில்லிமீட்டர் தூக்கி வச்சிருக்காங்கன்னு பார்த்து, அதுல பத்தாக்குறை (அந்த வேகத்துக்கு தேவையான தூக்கலுக்கும் நிஜமா தூக்கினதுக்கும் உள்ள வித்தியாசம்) எவ்வளவு வரைக்கும் விடலாமோ அதையும் கூட்டி, அந்த கூட்டுத்தொகையை ஆரத்தால பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 0.27 ஆல பெருக்கினா மணிக்கு எத்தனை கி.மீ.ன்னு வரும். ரெண்டு டிகிரி வளைவுன்னு சொன்னா ஆரம் 875 மீட்டர், தூக்கினது 165 மி.மீ., பத்தாக்குறை 75 மி.மீ.ன்னு வச்சுக்கிட்டா சுமாரா 124 வருது. பையனை கால்குலேட்டர்ல போட்டு பாக்க சொல்லுங்க. கேம்ல பெட்டி எண்ணிக்கையை வச்சு போடுற கணக்கு வேற, ஆனா வளைவு இறுக இறுக வேகம் போயிடும்ங்கிற அடிப்படை ஒண்ணுதான். ரயில் நீளத்தை வச்சு லிமிட் மாறுறது மட்டும் சுத்தமா கேமோட கற்பனை, நிஜத்துல எட்டு பெட்டிக்கும் இருபத்திநாலு பெட்டிக்கும் அந்த வளைவு அதே வளைவுதான்.

உங்க ஊரு ஜங்ஷன்லயே இன்னொண்ணு காட்டலாம். மெயின் லைன்ல நேரா போற எக்ஸ்பிரஸ் நிக்காம பறக்கும், அதே ரயில் பாயிண்ட்ல (ட்ராக் பிரியுற இடம்) திரும்பி பக்கத்து லூப் லைனுக்குள்ள போனா ஊர்ந்து போகும், ஒண்ணுக்கு பன்னெண்டு பாயிண்ட்டுன்னா, அதாவது பன்னெண்டு அடி போனா ஒரு அடி விலகுறதுன்னா, அங்க பொதுவா 30 கி.மீ.தான். கேம்ல பாயிண்ட்டுக்குன்னு தனி லிமிட் கிடையாது.

கேம்ல சாயுற ரயில் ஆட்-ஆன்ல உண்டு, அதுக்கு வளைவுல 20 சதவீதம் கூட கிடைக்கும், இதுவும் சும்மா இல்ல. டோக்கியோவுல இருந்து ஒசாகா போற புல்லட் ரயில் லைனை 1964-ல 210 கி.மீ. வேகத்துக்குத்தான் போட்டாங்க, நிறைய வளைவு 2500 மீட்டர் ஆரம். ரயில் நல்ல ரயிலா வந்தும் வளைவு விடல. என்700 வந்தப்ப பெட்டியை ஒரே ஒரு டிகிரி உள்பக்கமா சாய வச்சு அதே 2500 மீட்டர் வளைவுல 270 போக வச்சாங்க. கோடிக்கணக்குல செலவு பண்ணி வளைவை நிமித்துறதுக்கு பதிலா ரயிலை சாய்ச்சுட்டாங்க பாருங்க!

கேள்வி: டிப்போவுல இருந்து வெளிய வரும்போது ரயில் ஏன் ஜவ்வு மாதிரி இழுக்குது? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கடைசி பெட்டி டிப்போ வாசலை தாண்டுற வரைக்கும் 61 கி.மீ.தான் அனுமதி, மேக்லெவுக்கும் அதேதான். அதனால டிப்போவை மெயின் லைன்ல நேரடியா ஒட்ட வைக்காதீங்க, பக்கத்துல ஒரு சின்ன லைன் இழுத்து அதுல வைங்க, இல்லேன்னா சர்வீஸுக்கு போய்ட்டு வர்ற ஒவ்வொரு ரயிலும் பின்னாடி வர்றதை நிறுத்திடும்.

கேள்வி: அண்ணா, எல்லா வளைவையும் சரி பண்ணிட்டேன், பாலமும் மாத்திட்டேன், ட்ராக் எல்லாம் நேர் நேரா இருக்கு. அப்பவும் என் பாசஞ்சர் ரயில் 96-ல தான் போகுது. வெறுத்துப் போச்சு. (விருதுநகர் வாசகி)

பதில்: தங்கச்சி, அந்த ரயிலுக்கு முன்னாடி என்ன போகுதுன்னு பார்த்தியா? நீ அனுப்பின படத்துல ஒரே லைன்ல மூணு சரக்கு ரயில் நிக்குது. ஓப்பன்டிடிடில லாரி பஸ்ஸாவது ரோட்டுல ஒண்ணை ஒண்ணு தாண்டும், ரயில் தானா தாண்டாது, முன்னாடி போறது போடுற வேகம்தான் பின்னாடி வர்றதுக்கும். பாசஞ்சருக்கு தனியா ஒரு ஜோடி லைன் போட்டுடு, இடம் இருந்தா அதுதான் நிம்மதி. இடம் இல்லேன்னா பழைய சரக்கு இன்ஜினை எல்லாம் ஆட்டோ ரீப்ளேஸ்ல போட்டு புதுசா மாத்திடு, எல்லா ரயிலும் கிட்டத்தட்ட ஒரே வேகத்துல ஓடினா ஒரு லைனே போதும். அதுல பழசு இன்னும் எத்தனை பாக்கின்னு வாகன லிஸ்ட்டை உச்ச வேகத்தை வச்சு வரிசைப்படுத்தினா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

கேள்வி: சுரங்கத்துக்கு லிமிட் இருக்கா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: கிடையாது. ஆட்-ஆன் ட்ராக் போட்டிருந்தா அந்த ட்ராக்கோட லிமிட் உள்ளயும் இருக்கும், அவ்வளவுதான்.